சந்தனத்துக்கு அடியில் நாலாவது வரி

என் செல்ல மச்சான் ஏகாம்பரத்துக்கு,

இதை எழுதுவது நான்தான். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. ஐஸ் பார் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அதே கைதான் பேனாவைப் பிடித்திருக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதிய வரியைத் திரும்பப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது மச்சான். சின்னப் பிள்ளை மாதிரி தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன்.

உனக்கு இதில் என்ன ஆச்சரியம் இருக்கப்போகிறது? கோதண்டத்துக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பிக்கொண்டேதான் நீ போனாய். தினமும் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே. படம் மட்டும்தான் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் அப்பா, "எத்தினியாவது வரிக்கும் படிச்சிக்கிற நைனா?" என்று கேட்டார். எட்டாவது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை அப்புறம் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. கல்யாணமான மூன்றாம் நாளே உன் தங்கச்சி கஸ்தூரி கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். உன்னிடமும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ராயபுரத்தில் பெரியவர்களுக்கு என்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். மீன் விற்கிற பெண்கள் பத்துப் பேர், நான் ஒரு கிழவன். இப்போது டீச்சர் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவார்களாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். படிக்கட்டும். உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

உன் பெட்டியைப் பற்றிய சேதி.

ஐஸ் கம்பெனி ஆபீஸ் மூலையில் நீ வைத்துவிட்டுப் போன அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது சாகிற வரைக்கும் நான் அதை அணைக்கவில்லை. பில் போட வேறு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. உன்னுடையதன் திரை கெட்டுப்போய் அதைத் தூக்கிப் போட்டார்கள். வெறும் பெட்டி மட்டும் மூலையில் சூடாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. கரண்டு வீண் என்று மேடம் சொல்லும்போதெல்லாம் நான் முன்னால் போய் நிற்பேன். மேடம் என்றால் யாரோ இல்லை, நம் பழைய முதலாளியின் மகள் மல்லிகாதான். இரட்டைச் சடையோடு ஐஸ் துண்டு கேட்டு வந்து நிற்குமே, அந்தப் பெண். இப்போது கம்பெனியை அதுதான் நடத்துகிறது. "ஏகாம்பரம் அண்ணன் ஞாபகத்துக்கு வச்சிருக்காரு, விடுங்க" என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, மேடமும் விட்டுவிட்டது.

எனக்கும் அதற்கு மேல் தெரியாது மச்சான். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொட்டிய மட்டும் அணைக்காத மாப்ள. எது எதுக்குன்னு உள்ளயே எழுதி ஒட்டிக்கிறேன். படிச்சுப் பாத்துக்கோ" என்றாய். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் எனக்குப் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? வேறு யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். வெட்கம் மச்சான்.

நீ போனபிறகு ஏழு ஆயுத பூஜை வந்து போய்விட்டது. நீ இருந்தவரைக்கும் பெட்டியின் மூடிமேல்தான் பொட்டு வைப்பாய். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு வருஷமும் மூடியைத் திறந்தேன். உள்ளே ஓரத்தில் பச்சை அட்டை ஒன்று நின்றது. அதில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. பொட்டு வைக்க நல்ல துப்புரவான இடமாகப் பட்டது. பன்னீரில் சந்தனம் குழைத்து அதன்மேல் அப்பினேன். பக்கத்தில் இருந்த பெரிய கறுப்புச் சில்லுக்கும் ஒன்று வைத்தேன். மேலே குங்குமம். ஏழு வருஷம், ஏழு பூச்சு.

எதன்மேல் வைத்தேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனியை மூடி, கம்ப்ரசரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். அந்த நாளில் ஒரு மத்தியானம் கரண்டு போய் வந்தது, போய் வந்தது. மூன்றாவது தடவை உன் பெட்டிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். புகை வாசனை. அதற்கப்புறம் மூச்சு இல்லை.

தடை முடிகிற நாள் நெருங்கியது. கடலுக்குப் போகப் போட்டுகள் எல்லாம் பெயின்ட் அடித்து நின்றன. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குக் கம்ப்ரசரை ஓட்டினால்தான் அவர்களுக்கு நேரத்துக்கு ஐஸ் உறையும். ஐஸை உறைய வைக்கிற அமோனியா வாயுவை ஏற்றி முடித்தாயிற்று. அன்றைக்கு இரண்டு மணிக்குத்தான் இம்ரான் வந்தார். மண்ணடியில் கடை வைத்திருக்கிறவர், நாற்பது வயது இருக்கும், பில் கம்ப்யூட்டரைப் பார்க்க வருவார். மேடம் அவரிடம், "அந்த மூலையில கிடக்கிறதையும் எடுத்துட்டுப் போயிருங்க, இடமாவது மிஞ்சட்டும்" என்றது.

இம்ரான் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரிசு, உள்ளாற கோயிலே கட்டி வச்சிக்கிற."

"வருசா வருசம் பூஜை போடுவோம் பாய்."

"அபிஷேகம் பண்ணாம வுட்டியே, அதுவரிக்கும் நல்லது."

ஒவ்வோர் அட்டையாகக் கழற்றினார். இது திரைக்குப் படம் அனுப்புவது, இது டிஸ்க்குக்கு, இது பிரிண்டருக்கு என்று சொல்லிக்கொண்டே மேஜைமேல் அடுக்கினார். கடைசியில் சந்தனம் பூசின அட்டை வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னான்னே தெர்ல. சவுண்டு கார்டு இல்ல. மோடமும் இல்ல. பேர் போட்ட எடமெல்லாம் சந்தனம். இவ்ளோ தடியா கேபிள் வேற வெளிய போவுது பாரு."

விரல் தடிமன் கேபிள். அட்டையின் பின்பக்கத்தில் இருந்து கிளம்பி, சுவர் ஓட்டைக்குள் போய் மறைந்தது. இம்ரான் பையில் இருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். அதை வெட்டினால்தானே பெட்டியைத் தூக்க முடியும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது மச்சான். பல்லி.

அந்தப் பெட்டிக்குள் பல்லி இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். எப்போதாவது உள்ளேயிருந்து டிக் என்று ஒரு சத்தம் வரும். யாராவது கல்யாணப் பேச்சு பேசும்போது அது அடித்தால், பல்லி சொல்லிவிட்டது, நடக்கும் என்பார்கள். இம்ரான் அத்தனையும் பிரித்துப் போட்டுவிட்டார். பல்லி இல்லை. பல்லி எச்சம்கூட இல்லை. அப்படியென்றால் ஏழு வருஷமாக டிக் என்றது எது?

"வெட்டாத பாய்" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ஏன்?"

"இது இன்னான்னு தெரியற வரிக்கும் வெட்டாத."

மேடம் போனைக் காதில் வைத்தபடி வந்தது. "என்ன அண்ணே, என்ன பிரச்சினை? மூணு மணிக்கு ஓட்டணும், தெரியும்ல?"

"தெரியும்மா. இந்த அட்டை எதுக்குன்னு பாத்துட்டு ஓட்டலாம்."

"பத்து வருஷமா பில்லே போடாத பெட்டிண்ணே அது."

"பில்லு போடல. ஆனா அத்த அணைக்காதன்னு மச்சான் சொல்லிட்டுப் போச்சு. சும்மா சொல்ற ஆளு இல்ல அது."

மேடத்தின் முகம் சுருங்கியது. கேட்டில் ஏற்கெனவே இரண்டு போட்டுக்காரர்கள் வந்து நின்று, ஐஸ் உண்டா இல்லையா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்க கேட்டைப் போய்ப் பாருங்க. பாஸ்கர் ஓட்டிக்கிடுவாரு" என்றது. பாஸ்கர் கம்ப்ரசர் பிட்டர். நீ பார்த்த வேலைதான்.

கரண்டு போர்டு அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். அதைக் கொக்கியில் இருந்து எடுத்தேன். எல்லாரும் பார்க்கப் பார்க்க லுங்கி மடியில் வைத்து முடிச்சுப் போட்டேன். நாற்பது வருஷத்தில் முதலாளி சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. ஐஸ் தூக்க முடியாத வயதில் கொடுத்த இந்தக் கேட் காவல் வேலையும் போய்விட்டால் கஸ்தூரியிடம் என்ன சொல்வது என்றுதான் அந்த நேரத்தில் ஓடியது.

"இன்னா பெரிசு, ஸ்ட்ரைக்கா?" என்றார் பாஸ்கர்.

"அரை அவரு குடு நைனா. அப்பாலிக்கா நானே வந்து தொறந்து வுடறேன்."

மேடம் என் மடியைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. "அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்காரர்களிடம் போனது.

நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் படக் கூடாது என்று இம்ரான் சொன்னார். தீக்குச்சியைச் சீவி, முதலில் கறுப்புச் சில்லின்மேல் இருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். ஏழு பூச்சும் ஏழு ஏடாகப் பெயர்ந்தது. உள்ளே வெள்ளையாக எழுத்து. எண்கள் எனக்கு முன்பே பழக்கம்.

"எட்டு. ரெண்டு. அஞ்சு. அஞ்சு."

இம்ரான் நிமிர்ந்தார். "எட்டாயிரத்து எரநூத்தி அம்பத்தஞ்சா? நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். எட்டு ரெண்டு அஞ்சு அஞ்சு."

"அப்போ இது வெளிய கீற சாமான போட்டு அணைக்கிற கார்டு பெரிசு. தோ, இந்த நாலு குட்டிப் பொட்டி கீது பாரு, ரிலே. அதுக்குள்ள சின்னதா ஒரு நாக்கு. கம்ப்யூட்டர் சொன்னா டிக்குனு ஒட்டிக்கும், வெளிய ஏதோ ஒண்ணு ஓடும். உங்க பல்லி இதான்."

"இன்னா ஓடும்?"

"அத்த எழுதி வச்சவரத்தான் கேக்கணும்."

எழுதி வைத்தவர் நீ. காகிதம் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. மெதுவாகச் சுரண்டினேன். எங்கே கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்து தெரிந்தது. நீல மசி. உன் கையெழுத்து இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் மச்சான். சாய்ந்து, கொஞ்சம் அவசரமாக, சுழிகளை மட்டும் பெரிதாக.

வகுப்பில் படிக்கிற மாதிரி வாய்விட்டே படித்தேன். "ஒண்ணு. வி. சி. றி. விசிறி." பாஸ்கர் சிரிக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "ரெண்டு. ம. ணி. மணி. மூணு. வா. ல். வு."

நாலாவது வரியில் எண் மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலக் கறை. பன்னீர் அதிகமாக ஊற்றிக் குழைத்த ஏதோ ஒரு வருஷம், அந்த வரியை நான் கரைத்துக் குடித்துவிட்டேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. நீ எழுதியதை நான் படித்தேன். நீ எழுதியதை நான் அழித்தும்விட்டேன்.

விசிறி, மணி, வால்வு என்று கேட்டதும் பாஸ்கர் முகத்தில் கிண்டல் போய்விட்டது. அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அந்த வருஷம் அமோனியா கசிந்து பின்சுவரைத் தாண்டி நம் வரிசை வீடுகளுக்கு வந்ததே, கஸ்தூரி அடுப்படியில் மயங்கி விழுந்தாளே. ஒரு மாதம் இருமினாள். நீ அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அதற்கப்புறம்தான் உடைத்த கப்பல் சாமான் விற்கிற கடைகளில் நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தாய். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். பல்லி வாங்கப் போறேன் என்று நீ சொன்னாயா, இல்லை நான் இப்போது கற்பனை செய்கிறேனா?

இம்ரான் தன் பையில் இருந்து சின்ன பேட்டரியும் இரண்டு ஒயரும் எடுத்தார். கேபிளை அட்டையிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு ரிலேவுக்கும் தனியாகக் கரண்டு கொடுக்கலாம், எது ஓடுகிறது என்று உள்ளே ஒருவர் நின்று பார்க்கட்டும் என்றார். பாஸ்கர் கம்ப்ரசர் அறைக்குப் போனார். நான் வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் சேதி சொன்னேன்.

ஒன்று. டிக்.

"மேல விசிறி சுத்துது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூரையில் இருக்கிற அந்தப் பெரிய விசிறி. வெளிக்காற்றுக்குத் தானாகச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கம்ப்ரசர் சத்தத்தில் அது எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யார் கவனித்தார்கள்?

இரண்டு. டிக். கம்ப்ரசர் அறைச் சுவரில் இருந்த மணி அலறியது. தொட்டியடியில் நின்ற ஆட்கள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். மேடம் போனைக் கீழே இறக்கியது. அதற்கப்புறம் அந்தப் போனை அது எடுக்கவே இல்லை.

மூன்று. டிக். "அமோனியா லைன் வால்வு தட்னு மூடிக்கிச்சி பெரிசு."

நான்கு. டிக்.

ஒன்றும் இல்லை.

"பாஸ்கர், இன்னா ஆச்சு?"

"இன்னாவும் ஆவல."

"நல்லா பாருப்பா. பம்பு, லைட்டு, எதுனா."

"எல்லாம் அப்படியே கீது."

மறுபடி கொடுக்கச் சொன்னேன். டிக். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவையும் கொடுக்கச் சொன்னேன். பாஸ்கர் ஐஸ் உறைகிற உப்புத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். "பல்லி பொய் சொல்லுது" என்றார். ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

நான் அழித்த வரியில்தான் முக்கியமானது இருந்திருந்தால்? கேபிளைச் சுவரோடு தடவிக்கொண்டே போனேன். கம்ப்ரசர் அறையில் அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று பிரிந்து, அமோனியாவை மோப்பம் பிடிக்கிற சின்னக் குப்பிக்குப் போனது; தடித்த ஒயர் மூன்று மூன்று பக்கம் போனது. நாலாவது ஒரு இரும்புக் குழாய்க்குள் நுழைந்து பின்சுவருக்குள் மறைந்தது. அந்தக் குழாயின்மேல் எத்தனை வருஷத்துச் சுண்ணாம்பு.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. போட்டுக்காரர்கள் இப்போது ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். மேடம் அவர்களைப் பார்த்து, "இன்னிக்கு ஓட லேட்டாகும். வேற எடத்துல ஐஸ் பாக்கிறதுன்னா பாத்துக்கிடுங்க" என்றது. ஒருவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். மேடம் அதைக் கேட்காத மாதிரி என் பக்கம் திரும்பியது. "நாலாவது என்னன்னு தெரியலைன்னாலும் மூணு போதும்ல அண்ணே? பெட்டியை உயிரோட கொண்டுவந்துட்டு ஓட்டுவோம். நாளைக்கே புது அலாரத்துக்கு ஆள் சொல்றேன்."

நான் அப்போதுதான் மடியைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது.

இம்ரான் மண்ணடிக்குப் போய்ப் பழைய பவர் சப்ளை ஒன்று தேடிக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் வெடித்தது அது மட்டும்தானாம். அட்டையைத் திரும்பச் செருகினார். பில் கம்ப்யூட்டரின் திரையை இழுத்து இதில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். கறுப்பாகவே இருந்தது. அப்புறம் வெள்ளை எழுத்தில் ஏதோ கேட்டது. இம்ரான் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினார். நீ செருகிவிட்டுப் போன பிளாப்பித் தட்டு உள்ளே கர்ர் என்று கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது.

"ஏழு வருசமா ஒரே தட்டு. படிக்குமா படிக்காதான்னு சொல்ல முடியாது" என்றார்.

படித்தது மச்சான். திரையில் நாலு ரிலேவுக்கும் நாலு பூஜ்யம் வரிசையாக நின்றன.

நானே போய்ப் போர்டு அறையைத் திறந்தேன். பாஸ்கர் கம்ப்ரசரை ஓட்டினார். பழைய சத்தம் வந்தது. ஆபீசில் யாரும் உட்காரவில்லை. மேடம், இம்ரான், நான் மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தபடி நின்றோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

டிக்.

முதல் பூஜ்யம் ஒன்றாக மாறியது. விசிறி. எங்கேயோ அமோனியா கசிகிறது.

நான் கத்தியதில் பாஸ்கர் கம்ப்ரசரை உடனே நிறுத்திவிட்டார். அப்புறம் கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு குழாய் குழாயாகப் போனார். கசிவு இருக்கிற இடத்தில் அந்தத் திரியில் வெள்ளைப் புகை எழும், உனக்குத் தெரியாததா. புதிதாகப் போட்ட வால்வின் கழுத்தில் வெள்ளைப் புகை திரண்டு எழுந்தது. அன்றைக்கு விட்டிருந்தால் அது சாயங்காலத்துக்குள் பின்சுவரைத் தாண்டியிருக்கும். பிரித்து இறுக்கினார். மறுபடி ஓட்டினோம். திரும்ப நாலு பூஜ்யம். பல்லி வாயைத் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி வாசலிலேயே நின்றாள்.

"இன்னா ஆச்சு இன்னிக்கு? கம்பெனில மணி அடிச்சிது, ஆளுங்க ஓடினாங்கன்னு சொல்றாங்க."

"ஒண்ணும் இல்ல. டெஸ்ட்டு பண்ணாங்க."

"அது கெடக்கட்டும். மத்தியானம் நம்ம வூட்டு பெல்லு அடிச்சிது."

"நம்ம வூட்ல ஏது பெல்லு?"

"அண்ணன் மாட்டுச்சே, அடுப்படி சொவுத்துல. நான் கரண்டி மாட்டிக்கினு கீறனே, அது."

நான் அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அந்தத் தகரப் பெட்டி. நீ அதை மாட்டிய அன்றைக்கு, வாசலில் பட்டன் அப்புறமா வைக்கிறேன் என்றாய். பட்டன் வைக்கவே இல்லை. ஒரு நாளும் அது அடித்ததில்லை. கெட்டுப்போன பெல் என்று கரண்டியும் சல்லடையும் அதில்தான் தொங்கும்.

"எத்தினி வாட்டி அடிச்சிது?"

"மூணு வாட்டி. கரண்டியெல்லாம் கீழ வுழுந்துட்சி. ஒவ்வொரு வாட்டியும் போய்க் கதவத் தொறந்து பாத்தேன். யாரும் இல்ல." "யாருன்னு தெர்ல" என்றாள்.

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் அடுப்படிக்குப் போய், சல்லடையைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் அந்தத் தகரத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மச்சான், ஒன்று கேட்கட்டுமா? கம்பெனியில் வேலை செய்கிறவனுக்கு அட்டையில் எழுதி வைத்தாய். சரி. வீட்டுக்கு ஏன் மணி? கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியும். அவளுக்கு நீ சொல்லியிருக்கலாமே. பெல் அடித்தால் வீட்டை விட்டு வெளியே ஓடு என்று ஒரு வார்த்தை. பயப்படுவாள் என்று சொல்லவில்லையா? இல்லை, எழுதினது எனக்குப் போய்ச் சேராது என்று உனக்கு முன்பே தெரிந்திருந்ததா? டீக்கடையில் நான் பேப்பரைப் பிடித்திருந்ததை எத்தனை நாள் பார்த்துவிட்டுச் சும்மா போனாய்?

கஸ்தூரியைக் கேட்டேன். "நான் எதுவும் சொல்லல. அண்ணனுக்கா தெரியாது" என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

போன வாரம் புது அலாரம் மாட்ட வந்தார்கள். தனியாக ஒரு பெட்டி, பேட்டரியோடு. எத்தனை இணைப்பு என்று கேட்டார்கள். மேடம் என்னைப் பார்த்தது. நாலு என்றேன். பின்சுவர்க் குழாயில் இருந்த உன் ஒயரையே எடுத்துப் புதுப் பெட்டியில் கொடுத்திருக்கிறார்கள். நம் வரிசையில் இன்னும் ஆறு வீட்டுக்கும் இழுக்கச் சொல்லி மேடத்திடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றது. பார்க்கும், விடமாட்டேன்.

உன் பெட்டி மூலையிலேயே ஓடுகிறது. அணைக்கச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. இம்ரான் வந்தால் முதலில் அதைத்தான் எட்டிப் பார்க்கிறார். "உங்க மச்சான் நம்ம கடைக்கு வந்திருந்தா தோஸ்தா ஆயிருப்பேன்" என்கிறார்.

இந்த ஆயுத பூஜைக்கும் மூடியைத் திறப்பேன் மச்சான். அந்தப் பழக்கத்தை விடமாட்டேன். ஆனால் பொட்டு தகரத்தின் ஓரத்தில்தான், சின்னதாக, பன்னீர் இல்லாமல். எந்த எழுத்தின்மேலும் இனி என் சந்தனம் படாது. முன்னால் படித்துவிட்டுத்தான் விரலை நீட்டுவேன். இது உனக்குச் சத்தியம்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். அட்டையில் உன் காகிதத்தை அப்படியே விட்டு, நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதில் இரண்டே எழுத்து. எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது, கோணலாகத்தான் வந்திருக்கிறது, உன் சுழி மாதிரி அழகாக இல்லை. வீடு என்று எழுதியிருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்.

உன் தங்கச்சி கஸ்தூரியின் புருஷன்,
எட்டாவது படிக்காத உன் மாப்ள,
கோதண்டம்